பிளிட்ஸ் எங்கிருந்து வருகிறது? கல்லூரி ஃபுட்பாலின் தற்காப்பைப் பார்க்கப் பழக ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரிகளில் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை என்றால் ஃபுட்பால்தான். அங்கே படிக்கப் போகிற நம் பிள்ளைகள் பலரும் முதல் செமஸ்டரிலேயே நண்பர்களோடு ஸ்டேடியத்துக்குப் போய்விடுகிறார்கள். நான்கு முயற்சிக்குள் (ஒரு முயற்சி ஒரு டவுன்) பத்து யார்டு முன்னேற வேண்டும் என்கிற அடிப்படை ஓரிரு ஆட்டத்தில் பிடிபட்டுவிடும். அதற்கப்புறமும் புரியாமல் நிற்பது ஒன்று உண்டு. தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் பந்தை எறியப் போகிறார். திடீரென்று யாரோ ஒருவர் வந்து அவரைச் சாய்க்கிறார், அரங்கமே எழுந்து கத்துகிறது. வந்தவர் எங்கிருந்து வந்தார்? அவரை ஏன் யாரும் தடுக்கவில்லை?

இதைப் பார்க்கப் பழகுவதற்குத்தான் இந்தக் கட்டுரை. வழக்கத்தைவிட அதிகம் பேர் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வதுதான் பிளிட்ஸ். வர்ணனையாளர்கள் அதை வெறிகொண்ட பாய்ச்சல் போலப் பேசுவார்கள். என்னைக் கேட்டால், நல்ல பிளிட்ஸில் வெறியைவிட ஏமாற்று அதிகம். எத்தனை பேர் வருகிறார்கள் என்பது இரண்டாம்பட்சம். யார் வரப்போகிறார் என்று எதிரணியைத் தப்பாக நினைக்க வைப்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

முதலில் எண்ணிப் பழகுங்கள்

ஒரு பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணியில் ஐந்து பேர் லைன்மேன்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, கார்டுக்கு வெளியே டேக்கிள். எறிகிற ஆட்டத்தில் இந்த ஐவரின் வேலை குவார்ட்டர்பேக்கைச் சுற்றி ஒரு வளையம் போட்டுக் காப்பது. அந்த வளையத்துக்குப் பெயர் பாக்கெட். பயிற்சியாளர் விரும்பினால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக்கும், லைனின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்டும் தடுப்பில் சேர்ந்துகொள்வார்கள். ஆக, தடுப்பவர்கள் ஐந்திலிருந்து ஏழு பேர். தடுப்பில் ஒருவர் கூடினால் பாஸ் வாங்க ஓடுகிறவர்களில், அதாவது ரிசீவர்களில், ஒருவர் குறைகிறார்.

தற்காப்பிலும் இதே கணக்குதான். நான்கு பேர் பாய்ந்தால் பின்னால் ஏழு பேர் காவல். ஐந்து பேர் பாய்ந்தால் ஆறு. ஆறு பேர் பாய்ந்தால் ஐந்து. கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் ஒரு ஆளைக் கூட்டுகிற கேப்டனுக்கு பவுண்டரியில் ஒரு ஆள் குறைகிற மாதிரி. எங்கே குறைந்திருக்கிறது என்பதை பேட்ஸ்மேன் கண்டுபிடித்துவிட்டால் ஸ்லிப்பில் கூடுதல் ஆள் இருந்து பயனில்லை.

வழக்கமான பாய்ச்சல் நான்கு பேர். ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் அது பிளிட்ஸ். முதல் ஆட்டத்தில் வேறு எதையும் பார்க்க வேண்டாம். பந்து சென்டரின் கையிலிருந்து குவார்ட்டர்பேக்குக்குப் போகிற கணம்தான் ஸ்னாப். ஸ்னாப் ஆனதும் பந்தை விட்டுவிட்டு, முன்னே வருகிறவர்களை மட்டும் எண்ணுங்கள். எறிகிற ஆட்டத்தில் ஸ்னாப்புக்கும் பந்து கையை விட்டுப் போவதற்கும் இடையே ஏறக்குறைய இரண்டரை நொடிதான் இருக்கும். ஆரம்பத்தில் எண்ணி முடிப்பதற்குள் பந்து பறந்துவிடும். ஒரு ஆட்டம் முழுக்க முயன்றால் கண் பழகிவிடும்.

இடைவெளிகளின் பெயர்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சென்டருக்கும் கார்டுக்கும் நடுவில் இருப்பது ஏ கேப். கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவில் பி கேப். டேக்கிளுக்கு வெளியே சி கேப். இரண்டு பக்கமும் இதே பெயர்கள்தான். குவார்ட்டர்பேக்குக்கு மிகக் குறுகிய வழி ஏ கேப், மிக நீண்ட வழி ஓரத்தைச் சுற்றி வருவது. நடுவில் வருகிறவர் குவார்ட்டர்பேக்கின் கண்ணெதிரே வருகிறார், ஓரத்தில் வருகிறவர் பல நேரம் அவருடைய முதுகுப் பக்கமாக வருகிறார். வலக்கையால் எறிபவருக்கு இடப்பக்கம்தான் தெரியாத பக்கம். அதனால்தான் இடது டேக்கிளாக நல்ல ஆளாகத் தேடிப் போடுகிறார்கள்.

தற்காப்பு லைனில் உள்ளே நிற்கிற பெரிய உடம்புக்காரர்கள் டிஃபென்சிவ் டேக்கிள்கள், ஓரத்தில் நிற்கும் வேகமானவர்கள் எண்டுகள். அவர்களுக்குப் பின்னால் லைன்பேக்கர்கள். அப்புறம் ஓரங்களில் ரிசீவர்களைக் காக்கும் கார்னர்பேக்குகள், ஆழத்தில் காக்கும் சேஃப்டிகள். இந்த இரு வகையினருக்கும் பொதுப் பெயர் டிஃபென்சிவ் பேக். ரிசீவர்கள் அதிகமாக வரும்போது ஒரு லைன்பேக்கருக்குப் பதிலாக இறங்கும் ஐந்தாவது டிஃபென்சிவ் பேக்குக்கு நிக்கல் என்று பெயர். இந்த நிக்கலை நினைவில் வையுங்கள். கல்லூரி ஆட்டத்தில் ஏமாற்று வேலையில் பாதி அவர் தலையில்தான் விழுகிறது.

பிளிட்ஸுக்கு முன், நால்வர் பாய்ச்சல்

புதிதாகப் பார்க்கிறவர்கள் பிளிட்ஸில்தான் கண்ணை வைப்பார்கள். ஆனால் எந்தப் பயிற்சியாளரும் உள்ளுக்குள் ஆசைப்படுவது வேறு: நான்கு பேரை அனுப்பியே குவார்ட்டர்பேக்கைப் பிடித்துவிட வேண்டும், பின்னால் ஏழு பேர் முழுசாக இருக்க வேண்டும். அது முடிகிற அணிக்கு பிளிட்ஸ் ஒரு விருப்பம். முடியாத அணிக்கு அது கட்டாயம். ஒரு அணியைப் பற்றி நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

நால்வர் பாய்ச்சலுக்குச் சிறந்த பாடம் பிக் 12 என்கிற கல்லூரி அணிகளின் குழுவில் 2009 டிசம்பரில் நடந்த இறுதி ஆட்டம். நெப்ராஸ்காவின் டிஃபென்சிவ் டேக்கிள் இண்டமகோங் சூ அன்று தனியாளாக டெக்சஸின் குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காயை ஆட்டி வைத்தார். நாலரை சாக் அவர் கணக்கில். பந்தை எறியும் முன் குவார்ட்டர்பேக்கை லைனுக்குப் பின்னால் சாய்ப்பதுதான் சாக். இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை. உள்ளே நிற்கும் ஒருவர், பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்து தடுக்கும் இடத்தில் நின்றுகொண்டு, இவ்வளவு செய்வது அபூர்வம். கடைசியில் டெக்சஸ் 13-12 என்று தப்பித்தது, அதுவும் கடிகாரத்தில் ஒரு நொடியைத் திருப்பி வைத்த பிறகு, கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அடித்த ஃபீல்டு கோலில். தோற்ற அணியின் ஒரு வீரரைத்தான் இன்றும் அந்த ஆட்டத்தில் முதலில் நினைக்கிறோம்.

பாய்கிறவரின் வித்தைகளை நான்கைந்தாகப் பார்க்கலாம். நேராக மார்பில் முட்டித் தள்ளிக்கொண்டு போவது புல் ரஷ். தடுப்பவரின் தோளுக்கு மேலாகக் கையை வீசி, நீந்துவது போல் தாண்டுவது ஸ்விம். தோளைத் தாழ்த்தி, கையைக் கீழிருந்து மேலே கொண்டுவந்து அவர் பிடியைக் கிழித்துக்கொண்டு போவது ரிப். ஒரு பக்கம் போகிற மாதிரி காட்டி மறுபக்கம் உடம்பைச் சுழற்றுவது ஸ்பின். இவை எல்லாவற்றுக்கும் முந்தியது ஸ்னாப்பில் கிளம்புகிற வேகம். முதல் இரண்டு எட்டிலேயே டேக்கிளைப் பின்வாங்க வைத்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். 2019-ல் ஒஹாயோ ஸ்டேட்டின் சேஸ் யங் 16.5 சாக் எடுத்த பருவத்தின் காட்சிகளைத் தேடிப் பாருங்கள். அவர் கைகளை விட்டுவிட்டு, எதிரே நிற்கும் டேக்கிளின் கால்களைக் கவனியுங்கள். தோள் ஒரு பக்கம் திரும்பி, எடை குதிகாலுக்குப் போனதும் கதை முடிந்துவிடும். அரிசோனா ஸ்டேட்டின் டெரல் சக்ஸ் 2002-ல் ஒரே பருவத்தில் 24 சாக் எடுத்தார். கல்லூரிக் கழகமான என்சிஏஏ-வின் அதிகாரபூர்வக் கணக்கில் அது சாதனை.

நால்வரும் நேராகப் போக வேண்டும் என்றில்லை. இருவர் இடம் மாறிப் போவது ஸ்டண்ட். உள்ளே நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிள் வெளிப்பக்கம் இடித்துக்கொண்டு போவார். அவரையும் அவரைத் தடுப்பவரையும் சுற்றிக்கொண்டு எண்டு உள்ளே நுழைவார். முன்னால் இடிப்பவருக்கு சாக் கிடைக்காது, பெயரும் வராது. சுற்றி வருபவர் பெயர்தான் ஒலிபெருக்கியில் வரும். இடிப்பவர் முழு மனதோடு இடிக்கவில்லை என்றால் ஸ்டண்ட் நடக்கவே நடக்காது. ரீப்ளேயில் அவரைத் தேடிப் பாருங்கள், அந்த உழைப்புக்கு நாம் தர முடிந்த மரியாதை அதுதான்.

ஸ்னாப்புக்கு முன் என்ன பார்ப்பது

முதலில் டவுனும் தூரமும். மூன்றாவது டவுன், ஏழு யார்டுக்கு மேல் தேவை என்றால் எறியப் போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பிளிட்ஸுக்குத் தோதான நேரம் அது. இரண்டாவது டவுன், இரண்டு யார்டு என்றால் எதுவும் நடக்கலாம்.

இரண்டாவது, சேஃப்டிகள். களத்தின் ஆழத்தில் இருவர் நின்றால் பெரிய பிளிட்ஸ் வருவது குறைவு. ஒருவர் மட்டும் நின்றால் ஐந்து பேர் வர வாய்ப்பு. ஆழத்தில் யாருமே இல்லை, எல்லாரும் பத்து யார்டுக்குள் வந்துவிட்டார்கள் என்றால் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்கலாம். தொலைக்காட்சியில் ஒரு சங்கடம், சேஃப்டிகள் பல நேரம் திரைக்கு வெளியே போய்விடுவார்கள். ஸ்டேடியத்துக்குப் போக வாய்ப்பிருந்தால் பக்கவாட்டு இருக்கையைவிட கோல் பக்கத்து மேல்தட்டு இருக்கையைத்தான் நான் சொல்வேன். விலையும் குறைவு, 22 பேரும் தெரிவார்கள்.

மூன்றாவது, பந்து களத்தின் எந்தப் பக்கம் இருக்கிறது. இது கல்லூரி ஆட்டத்துக்கே உரிய விஷயம். களத்தின் அகலம் 160 அடி. ஒவ்வொரு ஸ்னாப்பும் தொடங்கும் இடத்தைக் கட்டுப்படுத்தும் ஹாஷ் கோடுகள் தொழில்முறை லீகான என்எஃப்எல்-இல் பதினெட்டரை அடி இடைவெளியில், ஏறக்குறைய நடுவிலேயே இருக்கும். கல்லூரியில் அந்த இடைவெளி 40 அடி. அதனால் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அகலமான பக்கத்தை ஃபீல்டு என்றும் குறுகிய பக்கத்தை பவுண்டரி என்றும் சொல்வார்கள். பவுண்டரி பக்கம் நிற்கும் கார்னர்பேக்கையோ சேஃப்டியையோ அனுப்பினால் அவர் ஓட வேண்டிய தூரம் குறைவு, விட்டுவிட்டு வந்த இடமும் சின்னது. ஃபீல்டு பக்கத்திலிருந்து அனுப்புவது நெடுந்தூரப் பயணம், ஆனால் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்று குறித்துக்கொண்டே பார்த்தால், அரை ஆட்டத்துக்குள் அந்தப் பயிற்சியாளரின் பழக்கம் தெரிந்துவிடும்.

கடைசியாக, கடிகாரம். 2024 முதல் கல்லூரி ஆட்டத்தின் உயர்நிலைப் பிரிவில் ஒவ்வொரு பக்கமும் களத்தில் ஒரு வீரரின் ஹெல்மெட்டில் பயிற்சியாளர் பேசலாம். அடுத்த ஸ்னாப்புக்கான கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அந்தப் பேச்சு துண்டிக்கப்படும். அதன் பிறகு குவார்ட்டர்பேக் தனி ஆள். கெட்டிக்காரத் தற்காப்பு அதற்கப்புறம்தான் தன் உண்மையான நிலைக்கு நகரும். கடைசிப் பத்து நொடியில் யார் அசைகிறார்கள் என்று பாருங்கள்.

பின்னால் என்ன மிச்சம் இருக்கிறது

பிளிட்ஸைப் பாய்கிறவர்களை வைத்து வகைப்படுத்தாமல், பின்னால் மிச்சம் இருக்கும் காவலை வைத்துப் பிரித்தால் சீக்கிரம் புரியும்.

கவர் ஜீரோ என்பது துணிச்சலின் எல்லை. ஆறு பேரோ அதற்கு மேலோ பாய்கிறார்கள், பின்னால் ஒவ்வொரு ரிசீவருக்கும் ஒரு ஆள், அவர்களுக்குப் பின்னால் உதவிக்கு யாரும் இல்லை. ஒருவர் வழுக்கி விழுந்தால், எதிரணி பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கும் டச்டவுன்தான். கவர் ஒன் என்பது ஐந்து பேர் பாய்ந்து, ஆளுக்கு ஆள் காவல் வைத்து, ஆழத்தில் ஒரு சேஃப்டியை நிறுத்துவது. இந்த இரண்டிலும் ரன்னிங் பேக்கைக் காக்கும் லைன்பேக்கர் ஒரு சின்ன வேலை செய்வார். ரன்னிங் பேக் பாஸ் வாங்க ஓடாமல் தடுக்க நின்றுவிட்டால், தனக்குக் காக்க ஆள் இல்லை என்று அவரும் பாய்ந்துவிடுவார். இதற்கு கிரீன் டாக் என்று பெயர். தாமதமாக ஒருவர் வருகிறாரே என்று நீங்கள் குழம்பும் இடம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

மூன்றாவது வகை ஃபயர் ஜோன். ஐந்து பேர் பாய்வார்கள். மீதி ஆறு பேரில் ஆழத்தில் மூவர், நடுவில் மூவர், ஆளைக் காக்காமல் இடத்தைக் காப்பார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த நடு மூவரில் ஒருவர் 120 கிலோ எடையுள்ள எண்டாகக்கூட இருப்பார். ஒரு பக்கத்திலிருந்து லைன்பேக்கரும் நிக்கலும் பாய, மறுபக்கத்து எண்டு இரண்டு எட்டு முன்னே வைத்துவிட்டுப் பின்வாங்குவார். பிளிட்ஸைக் கண்டதும் குவார்ட்டர்பேக் அவசரமாக எறியப் போகும் சின்ன பாஸின் பாதையில் அவர் போய் நிற்பார். இந்த முறையை 1980-களில் என்எஃப்எல் அணியான சின்சினாட்டி பெங்கால்ஸில் வளர்த்தெடுத்தவர் பயிற்சியாளர் டிக் லெபோ. அப்போது எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்) கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பில் ஆர்ன்ஸ்பார்கரின் யோசனைகள் அவருக்கு வழிகாட்டின.

இப்போது கல்லூரி ஆட்டத்தில் நான் ரசித்துப் பார்ப்பது நான்காவது வகை. அதை சிமுலேட்டட் பிரஷர் என்கிறார்கள். பிளிட்ஸ் மாதிரி தெரியும், ஆனால் பாய்வது நான்கே பேர். மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்.

மூன்றாவது டவுன், எட்டு யார்டு. தற்காப்பில் நான்கு லைன்மேன்கள் குனிந்து நிற்கிறார்கள். இரண்டு லைன்பேக்கர்கள் நடந்து வந்து சென்டரின் இரு பக்கமும் ஏ கேப்களில் நின்றுகொள்கிறார்கள். ஆறு பேர் மிரட்டுகிறார்கள். சென்டர் கையை நீட்டி யாரை யார் எடுப்பது என்று கத்துகிறார். நடுவில் வருவதுதான் ஆபத்து, எனவே சென்டரும் கார்டுகளும் உள்பக்கம் கண் வைக்கிறார்கள். குவார்ட்டர்பேக்கின் வலப்பக்கம் நிற்கும் ரன்னிங் பேக்கும் நடுவையே பார்க்கிறார். ஸ்னாப். இரண்டு லைன்பேக்கர்களும் திரும்பிப் பின்னால் ஓடுகிறார்கள். வலப்பக்க எண்டும் பின்வாங்குகிறார். இடப்பக்கம், ஓர ரிசீவருக்கும் லைனுக்கும் நடுவில் நிற்கும் ஸ்லாட் ரிசீவருக்கு எதிரே ஒன்றும் தெரியாதவர் போல் நின்ற நிக்கல் முழு வேகத்தில் வருகிறார். அந்தப் பக்க எண்டு உள்ளே குத்திப் பாய, இடது டேக்கிள் அவரோடு போய்விடுகிறார். சென்டர் ஒரு நொடி காற்றைத் தடுத்துக்கொண்டு நிற்கிறார். நிக்கலை எடுக்க ஆளே இல்லை. வந்தது நான்கு பேர், தடுக்க நின்றது ஆறு பேர், அப்படியும் ஒருவர் தொடப்படாமல் வந்துவிட்டார். பின்னால் ஏழு பேர் காவலும் அப்படியே இருக்கிறது.

மிஷிகன் 2021-லிருந்து இந்த மாதிரி ஆட்டத்தைத் தன் முத்திரையாக்கிக்கொண்டது. முதலில் மைக் மெக்டொனால்டு, அடுத்து ஜெஸ்ஸி மிண்டர் தற்காப்பை நடத்தினார்கள். 2024 புத்தாண்டு நாளில் ரோஸ் பவுலில் நடந்த தேசியச் சாம்பியன் பட்ட அரையிறுதியில் அலபாமாவின் ஜேலன் மில்ரோவை மிஷிகன் 6 முறை சாய்த்தது. கூடுதல் நேரத்தில் 27-20 என்று வென்றது, ஒரு வாரத்தில் வாஷிங்டனையும் 34-13 என்று வென்று சாம்பியன் ஆனது.

எதிரணி சும்மா இருக்காது

பிளிட்ஸுக்கு எதிரே தாக்கும் அணி கையில் வைத்திருக்கும் மருந்துகள் மூன்று. ஒன்று, ஹாட் பாஸ்: பிளிட்ஸ் வந்தவர் விட்டுவிட்டு வந்த இடத்துக்கு உடனே எறிவது. இரண்டு, ஸ்க்ரீன்: பாய்கிறவர்களை வேண்டுமென்றே உள்ளே விட்டுவிட்டு, அவர்கள் தலைக்கு மேலாக ரன்னிங் பேக்குக்கு ஒரு சின்ன பாஸ். மூன்று, எல்லாரையும் தடுப்புக்கு நிறுத்திவிட்டு இரண்டு மூன்று பேரை மட்டும் ஆழமாக அனுப்புவது.

இந்த மருந்து வேலை செய்தால் எவ்வளவு வலிக்கும் என்பதற்கு 2019 செப்டம்பர் 7, ஆஸ்டின் நகரம். எல்எஸ்யு 37-31 என்று டெக்சஸைவிட முன்னிலை. மூன்று நிமிடத்துக்கும் குறைவாக மிச்சம், மூன்றாவது டவுன், 17 யார்டு தேவை. அந்தத் தூரத்தில் பலரும் பின்வாங்கிக் காவல் காப்பார்கள். டெக்சஸ் பிளிட்ஸ் அனுப்பியது. எல்எஸ்யுவின் ஜோ பர்ரோ பதறி ஓடவில்லை. பாக்கெட்டுக்குள்ளேயே நகர்ந்து, வந்தவரின் பிடியில் சிக்காமல், ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு எறிந்தார். 61 யார்டு டச்டவுன். ஆட்டம் 45-38 என்று முடிந்தது. அந்த முடிவைக் குறை சொன்னவர்கள் அதிகம். என் பார்வையில் பிளிட்ஸ் அனுப்பியதில் தவறில்லை, பந்து அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தே ஆக வேண்டிய நேரம் அது. அனுப்பிய ஆள் எட்டவில்லை, அவ்வளவுதான். எட்டாத பிளிட்ஸுக்கு விலை இதுதான்.

ஆளுக்கு ஆள் காவலையே நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதை முந்தைய ஆண்டு ஒஹாயோ ஸ்டேட் காட்டியது. 2018-ல் டான் பிரவுன் நடத்திய மிஷிகன் தற்காப்பு, மொத்த யார்டு கணக்கில் நாட்டிலேயே முதலிடத்தோடு அந்த ஆட்டத்துக்கு வந்தது. ஒஹாயோ ஸ்டேட் ரிசீவர்கள் களத்தின் குறுக்கே, ஒருவரை ஒருவர் உரசுகிற மாதிரி கடந்து ஓடிக்கொண்டே இருந்தார்கள். கூடவே ஓடும் காவலர் ஒரு எட்டு பிந்தினாலும் போதும். டுவெய்ன் ஹாஸ்கின்ஸ் 6 டச்டவுன் எறிந்தார், முடிவு 62-39. அதன் பிறகு பல பயிற்சியாளர்கள் அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் இடத்தைக் காக்கும் முறைக்கு நகர்ந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

கல்லூரி விதிகள் கணக்கை மாற்றும் இடங்கள்

கல்லூரி குவார்ட்டர்பேக்குகளில் பலர் நன்றாக ஓடுவார்கள். அவர்களுக்கு எதிரே கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தால் ஆபத்து. ஓரத்தில் வரும் எண்டு குவார்ட்டர்பேக்கைத் தாண்டி ஆழமாகப் போய்விட்டால் அவருக்குப் பின்னால் ஒரு தெருவே திறந்துவிடும். அதனால் ஒவ்வொருவரும் தன் பாதையை விடாமல், பாக்கெட்டைச் சுற்றி மெல்ல இறுக்குவார்கள். பார்க்க மந்தமாகத் தெரியும், சாக் வராது, ஆனால் ஓடவும் விடாது. சில நேரம் ஒரு லைன்பேக்கரை ஸ்பை என்று நிறுத்தி, குவார்ட்டர்பேக்கையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள். புதிதாகப் பார்ப்பவர் அவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடக்கூடும்.

ஓடுவதா எறிவதா என்பதை ஸ்னாப்புக்கு அப்புறம் முடிவு செய்யும் ஆர்பிஓ ஆட்டமும் கல்லூரியில்தான் தாராளம். பாஸ் எறியப்படும்போது லைன்மேன்கள் கோட்டைத் தாண்டி 3 யார்டு வரை போகலாம், என்எஃப்எல்-இல் ஒரு யார்டுதான். லைன்மேன்கள் ஓட்டத்துக்குத் தடுப்பது போலவே முன்னே வருவதால் லைன்பேக்கர் ஏமாந்துபோகிறார். இதற்கு எதிரே பிளிட்ஸ் அனுப்பினால், பாய்ந்தவர் விட்ட இடத்துக்கே பந்து போகும்.

தண்டனைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ரிசீவரைப் பிடித்து இழுத்து பாஸைக் கெடுத்தால் என்எஃப்எல்-இல் தவறு நடந்த இடத்துக்கே பந்து போய்விடும், அது 40 யார்டாக இருந்தாலும். கல்லூரியில் அதிகபட்சம் 15 யார்டு, கூடவே முதல் டவுன். எனவே உதவியில்லாமல் விடப்பட்ட கார்னர்பேக், டச்டவுன் கொடுப்பதைவிட இழுத்துவிடுவது மேல் என்று நினைக்க இடமிருக்கிறது. இன்னொரு பக்கம் டார்கெட்டிங் விதி: எறிந்துகொண்டிருக்கும் குவார்ட்டர்பேக்கின் தலையிலோ கழுத்திலோ இடித்தால், ரீப்ளேயில் உறுதியானதும் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றம். 2013 முதல் இப்படி. பிளிட்ஸில் தொடப்படாமல் வருகிறவர் முழு வேகத்தில் வருவதால் கடைசி எட்டில் தலையை ஒதுக்கி, இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் பிடிப்பதைத் தனியாகப் பயிற்சி செய்கிறார்கள். இந்த விதி வந்தது நல்லதற்கே. மாணவர்களின் மூளையைவிட எந்த சாக்கும் பெரிதில்லை.

அனுப்பாமல் இருப்பதும் ஒரு ஆயுதம்

1987 ஜனவரி 2, ஃபியஸ்டா பவுல். மயாமியின் வின்னி டெஸ்டவர்டி அந்தப் பருவத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கியிருந்தவர். பென் ஸ்டேட் அவர் மேல் கூட்டமாகப் பாயாமல், எட்டுப் பேர் வரை பின்னால் காவலுக்கு வைத்தது. நேரம் இருந்தும் எறிய இடம் இல்லை. ஐந்து முறை பந்தை எதிரணிக்கே எறிந்தார், பென் ஸ்டேட் 14-10 என்று வென்றது. மூன்று பேரைப் பாயவிட்டு எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தும் இந்த யோசனையின் வாரிசுகளை இன்றும் பார்க்கலாம். 2017-ல் ஜான் ஹீகாக் நடத்திய அயோவா ஸ்டேட் தற்காப்பு மூன்று லைன்மேன்கள், மூன்று சேஃப்டிகள் என்று நின்று பிக் 12 குழுவின் எறிகிற அணிகளைத் திணற வைத்தது. அந்தப் பருவத்தில் தேசியத் தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருந்த ஓக்லஹோமாவை அவர்கள் ஊரிலேயே 38-31 என்று வென்றது.

ஒரு ஆட்டத்தில் பிளிட்ஸே வரவில்லை என்றால் பயிற்சியாளர் பயந்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். முன்பு பாய்ந்தவர்கள் இப்போது பாய்வது போல் காட்டிவிட்டு நின்றுவிட்டாலே குவார்ட்டர்பேக்கின் கணக்கு குழம்பும்.

வீட்டில் உட்கார்ந்து பழக

பதிவு செய்த ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது டவுன்களை மட்டும் பாருங்கள், ஒவ்வொன்றையும் மூன்று முறை. முதல் முறை பாய்கிறவர்களை எண்ணுங்கள். இரண்டாம் முறை சென்டரின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, ரன்னிங் பேக் யாரை எடுக்கப் போகிறார் என்று பாருங்கள். மூன்றாம் முறை, பாய்ந்தவர் விட்டுவிட்டு வந்த இடத்துக்கு யார் போனார் என்று தேடுங்கள். யாரும் போகவில்லை என்றால், பந்து அங்கே போனதா?

புள்ளிவிவரத்தில் சாக் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். அவசரமாக எறிய வைத்தது, கையை நீட்டிப் பந்தைத் தட்டியது, வெளியே எறிந்து தொலைக்க வைத்தது எல்லாமே பாஸ் ரஷ்ஷின் வெற்றிதான். ஓட்டக் கணக்கைப் பார்க்கும்போதும் ஒரு எச்சரிக்கை: கல்லூரியில் சாக்கில் இழந்த யார்டுகளை ஓட்டத்திலிருந்து கழிப்பார்கள். குவார்ட்டர்பேக் 60 யார்டு ஓடி, சாக்கில் 40 இழந்திருந்தால் தாளில் 20 என்றுதான் இருக்கும். அவரை ஓடத் தெரியாதவர் என்று நினைத்துவிடுவீர்கள்.

மூன்றாவது டவுன் பழகிய பிறகு முதல் டவுனுக்கு வாருங்கள். அங்கே வரும் பிளிட்ஸ் பல நேரம் ஓட்டத்தைக் குறி வைத்து வரும்: லைன்பேக்கர் ஒரு கேப்பைத் தேர்ந்தெடுத்து, பந்து யார் கையில் என்று பார்க்காமலேயே அதில் நுழைவார். ரன்னிங் பேக்கை லைனுக்குப் பின்னால் பிடித்துவிட்டால் எதிரணிக்கு இரண்டாவது டவுனில் பன்னிரண்டு யார்டு மிச்சம் இருக்கும். அந்த இரண்டாவது டவுனில் சேஃப்டிகள் எங்கே நிற்கிறார்கள் என்று உடனே பாருங்கள். முதல் டவுன் பிளிட்ஸ் எதற்காக அனுப்பப்பட்டது என்பது அங்கே தெரியும்.